முகவரி சரிபார்க்க வந்தவர்

அன்று வங்கியில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு அவர் இருந்தார், இவர் இல்லை என்ற பேச்சு வரக்கூடாது. நான் இருந்தேன், மங்கையர்க்கரசி, ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர். என் மகள் கயற்கண்ணி இருந்தாள். வெளிநாட்டில் வாழ்பவர்களின் கணக்குகளைக் கவனிக்கும் பரக்கத் நிஷா என்ற பெண் அதிகாரி மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார். வாயிலில் துப்பாக்கியுடன் காவலர் சூசைராஜ். வெளிக்கூடத்தில் பணம் போடும் இயந்திரத்துக்குப் பக்கத்து நாற்காலியில் உரக்கடை வைத்தியலிங்கம். அவருக்கு அன்று வங்கியில் வேலை எதுவும் கிடையாது. ஏசி ஓடுகிறது என்பதற்காக வந்து உட்காருகிறவர். இவ்வளவு பேர்தான். என் மாப்பிள்ளை தனஞ்செயன் அங்கே இல்லை. இருந்திருந்தால் காரியம் ஒழுங்காக நடந்திருக்கும்.

உட்காருங்கள், தம்பி. கயற்கண்ணி என்பவர் இந்த வீட்டைச் சேர்ந்தவர்தானா, எனக்கு என்ன உறவு. இரண்டு கேள்வி, ஒரு கையெழுத்து, ஐந்து நிமிடம் என்கிறீர்கள். கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பித்தவரின் சொந்த ஊர் முகவரியைச் சரிபார்த்துவர வங்கி உங்களை அனுப்பியிருக்கிறது. உங்கள் வேலை எனக்குப் புரிகிறது. முப்பத்தாறு ஆண்டுகள் நானும் முகவரிகளோடுதான் வாழ்ந்தேன். ஆனால் 'ஆம்' என்று சொல்வதற்கு முன் சில விவரங்களை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். அந்தப் படிவத்தை இப்படி மேசைமேல் வையுங்கள். படிக்காத தாளில் நான் இதுவரை கையெழுத்திட்டதில்லை.

வேண்டாமா? சரி. கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் கோப்பிலேயே இருக்கட்டும். தண்ணீர் குடியுங்கள். காபி போடச் சொல்லியிருக்கிறேன். நான் எழுதுவது போலப் பேசுகிறேன் என்று இத்தெருவில் சிரிப்பார்கள். தந்திக்குச் சொற்களை எண்ணி எண்ணிப் பழகியவள் நான்; அரைகுறையாகப் பேச வராது.

இந்த ஊரில், வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீடு ஒவ்வொன்றிலும் இரண்டாவது போன் ஒன்று இருக்கும். கவனித்திருப்பீர்கள். இதோ என் இடுப்பில் செருகியிருக்கிறதே, பொத்தான் வைத்த சின்ன போன், அது போல. போன் நம்முடையது, உள்ளே இருக்கும் சிம் பிள்ளையுடையது. அவர்கள் மஸ்கட்டுக்கோ துபாய்க்கோ போகும்போது வங்கியில் கொடுத்த உள்ளூர் எண்ணைத் தாயிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அங்கே உட்கார்ந்து அவர்கள் எதை வாங்கினாலும் ஆறு இலக்க ஓடிபி இங்கே, அம்மாவின் இடுப்புக்கு வரும். பிள்ளை அங்கிருந்து அழைத்து, "அம்மா, வந்துச்சா?" என்று கேட்கும். நாம் கண்ணாடியைத் தேடிப் படித்துச் சொல்வோம். அடுத்த தெரு சௌந்தரம் ஆறை ஒன்பதாகச் சொல்லி மகனின் கார்டையே முடக்கிவிட்டாள். நான் அப்படியல்ல. இரண்டிரண்டு எண்ணாகச் சொல்வேன். ஒரு முறை நேராக, ஒரு முறை சரிபார்க்க. எட்டு ஆண்டுகளில் ஒரு தவறு கிடையாது.

கயலுக்கு மஸ்கட்டில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. மாப்பிள்ளைக்கு அங்கேயே எண்ணெய் நிறுவனமொன்றின் கிடங்கில் மேலாளர் பதவி. பொறுப்பானவர். அவளுடைய சம்பளம் விழும் கணக்கைக்கூட அவரே பார்த்துக்கொண்டார்; அவளுக்குக் கணக்கு வழக்கு வராது என்பார். அவள் பரிசோதிப்பது மனித இரத்தத்தை. அதில் பிழை வராதவளுக்குக் கணக்கு ஏன் வராது என்று எனக்கு ஒரு நொடி தோன்றியதுண்டு. கேட்கவில்லை. கணவன் மனைவி விஷயம். அவள் பெயரில் இந்த ஊர் வங்கியில் இருந்த கணக்கும் அதன் கார்டும் மட்டும் அவள் கையில் இருந்தன. அந்தக் கார்டின் ஓடிபி என் கையில் இருந்தது.

நான் அந்தச் செய்திகளைப் படித்தேனா என்று கேட்கிறீர்கள் போலிருக்கிறது. கேட்கவில்லையா? முகம் கேட்கிறது. தம்பி, நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி, பிறகு இவ்வூர் மன்னார்குடி என்று மூன்று அஞ்சலகங்களில் இருந்தேன். இலட்சக்கணக்கான உறைகள் என் கை வழியே போயின. ஒன்றைப் பிரித்ததில்லை, ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்ததில்லை, ஒன்றை ஒரு நாள் நிறுத்திவைத்ததில்லை. ஆனால் இந்தச் செய்தி உறையில் வருவதில்லையே. கடையின் பெயர், தொகை, எண் எல்லாம் ஒரே வரியில் திறந்துகிடக்கிறது. எண்ணைப் படிக்கிற கண் கடையைப் படிக்காமல் எப்படி இருக்கும்? படித்தால் கேட்காமல் எப்படி இருப்பது? "எதற்கு இரண்டாவது கைப்பை?" என்று கேட்டிருக்கிறேன். "பல் மருத்துவரிடம் மூன்று முறை ஏன் போனாய்?" என்று கேட்டிருக்கிறேன். தாய் கேட்கலாம். அவளும், "பல்லு ஆடுதும்மா, அதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு வயதில் பல் ஏன் ஆடுகிறது, வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி என்று சொன்னேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஐப்பசியில் ஒரு நாள், காலை பதினொரு மணி. செய்தி வந்தது. ஏதோ அடுக்ககத்தின் பெயர், வாடகை முன்பணம் என்ற குறிப்பு. உடனே அவள் அழைப்பும் வந்தது. வழக்கமாக நலம் விசாரிப்பாள். அன்று இல்லை.

"அம்மா, நம்பர மட்டும் சொல்லுங்க."

"உங்களுக்குத்தான் வீடு இருக்கிறதே, கயல். வாடகைக்கு வீடு எதற்கு?"

"அப்புறம் சொல்றேம்மா. இப்ப நம்பரச் சொல்லுங்க. அஞ்சு நிமிஷந்தான் டைம்."

"காரணத்தைச் சொல். எண்ணைச் சொல்கிறேன்."

"அம்மா, நான் லேப் பாத்ரூம்ல நின்னு பேசறேன். சத்தமாப் பேச முடியாது. சொல்லுங்கம்மா."

கழிவறையில் நின்று பேசவேண்டிய காரியம் எப்படி நல்ல காரியமாக இருக்கும், சொல்லுங்கள். நான் சொல்லவில்லை. ஐந்து நிமிடம் முடிந்தது. மறுபடி அனுப்பச் சொன்னாள், மறுபடி வந்தது, மறுபடி நான் காரணம் கேட்டேன். மூன்றாவது முறை அவள் எதுவும் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. அதுவும் முடிந்தது. மூன்று முறை தவறினால் அன்றைக்கு அந்தக் கார்டு வேலை செய்யாது, உங்களுக்குத் தெரியாததா.

பிறகு நான் செய்தது, எந்தப் பொறுப்புள்ள தாயும் செய்வது. மாப்பிள்ளையை அழைத்தேன். குற்றம் சொல்ல அழைக்கவில்லை. "வீடு மாறுகிறீர்களா, மாப்பிள்ளை? இப்போதிருக்கும் வீட்டில் ஏதாவது குறையா?" என்று மரியாதையாகத்தான் கேட்டேன். அவர், "எந்த ஏரியான்னு போட்டிருக்கு அத்தை?" என்றார். படித்துச் சொன்னேன். "சொன்னீங்களே, ரொம்ப சந்தோஷம். நல்ல காரியம் பண்ணீங்க" என்றார். எவ்வளவு பணிவு பாருங்கள். இந்தக் காலத்தில் மாமியாருக்கு நன்றி சொல்லும் மருமகன் எத்தனை பேர்?

காபி வந்துவிட்டது. எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை போதுமா?

அதன் பிறகு ஏழு மாதம் கயல் என்னிடம் பேசவில்லை. பிடிவாதம். என்னிடமிருந்து வந்த பிடிவாதம்தான். அதை நான் மறுக்கவில்லை. மாப்பிள்ளை வெள்ளிக்கிழமைதோறும் தவறாமல் அழைப்பார். "கயல் எங்கே?" என்றால், "குளிக்கிறா அத்தை" என்பார். அடுத்த வாரம், "தூங்குறா" என்பார். அவளுடைய போன் உடைந்துவிட்டது, புதியது வாங்கவேண்டும் என்றார். வேலையை விட்டுவிட்டாள், உடம்புக்கு ஓய்வு வேண்டும் என்றார். தை மாதத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது என்றார். பாஸ்போர்ட், கார்டு எல்லாவற்றையும் அவள் கண்ட இடத்தில் போட்டுவிடுகிறாள் என்று தம் அலுவலகப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டியிருப்பதாகச் சொன்னார். கவனமானவர்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள், தம்பி? என் கணவரும் கோபக்காரர்தான். நான் காலையில் அஞ்சலகத்துக்குப் போனேன்; மாலையில் இதே வீட்டுக்குத் திரும்பி வந்தேன். இருபத்தொன்பது ஆண்டுகள். முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டுகூடப் போயிருக்கிறேன், சித்திரை வெயிலில். அதற்காக வேறு வீடு பார்க்கவில்லை. பார்க்கவேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. களைப்பாக இருக்கிறது. எழுபத்து மூன்று வயதில் ஒரு விஷயத்தைத் தொடக்கத்திலிருந்து சொல்வது பெரிய வேலை.

வைகாசியில் கயல் வந்தாள். அறிவிப்பு இல்லை. காலையில் வாசலில் ஒரு டாக்சி. கையில் சிறிய பை ஒன்று. இளைத்திருந்தாள். "மாப்பிள்ளை வரவில்லையா?" என்று கேட்டேன். "இல்லம்மா. கரண்ட் பில்லும் ஆதாரும் எடுத்துக்குங்க. அந்த போனையும் எடுத்துக்குங்க. பேங்குக்குப் போகணும்" என்றாள். வீட்டுக்குள்கூட வரவில்லை, தம்பி. வாசற்படியில் நின்றே தண்ணீர் குடித்தாள். டாக்சியையும் அனுப்பவில்லை. காத்திருப்புக் கட்டணம் ஓடிக்கொண்டிருந்தது.

அப்படித்தான் அன்று வங்கிக்குப் போனோம்.

பரக்கத் நிஷா நல்ல பெண்தான். முகத்தில் பொறுமை உண்டு. பழைய கணக்கில் இருந்ததையெல்லாம் எடுத்து வெளிநாட்டு நாணய வைப்பாகப் போடவேண்டும் என்றாள் கயல்.

"எந்த கரன்சில மேடம்? டாலர், பவுண்ட், யூரோ, எதுல வேணாலும் போடலாம். டாலர்ல போட்டா டாலராவே இருக்கும், முடியும்போது டாலராவே எடுத்துக்கலாம்."

"டாலர்."

"அந்த டெபாசிட்ட வச்சே கிரெடிட் கார்டும் தந்துடுவோம். சம்பளச் சீட்டெல்லாம் கேக்க மாட்டோம். கார்டு உங்களுக்கு ஃபாரின் அட்ரஸுக்கே வரும். ஜாயிண்ட் அக்கவுண்ட்டா போடலாமா, ஹஸ்பண்ட் பேரையும் சேர்த்து?"

"இல்ல. என் பேருல மட்டும்."

"இங்க யாராவது கணக்கப் பாத்துக்கற மாதிரி அதிகாரம் குடுக்கறீங்களா? எல்லாரும் அம்மாவுக்குத்தான் குடுப்பாங்க." என்னைப் பார்த்துச் சிரித்தார் அந்தப் பெண்.

"வேணாம் மேடம்."

"நாமினி?"

"இப்போதைக்கு யாரும் வேணாம்."

நான் அவளுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறேன். கையில் அவளுக்காகக் கொண்டுவந்த மின்கட்டண இரசீது. அரசு ஊழியரின் குடும்ப ஓய்வூதியப் படிவங்களில் எத்தனை பேருக்கு வாரிசுப் பெயரை நிரப்பிக் கொடுத்தவள் நான். இரசீதை மேசைமேல் வைத்தேன்.

கையெழுத்துப் போட்டாள். அந்தப் பெண் கணினியில் பழைய கையெழுத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "ஒத்துவரலையே மேடம்" என்றார். கயல் வலது கையை மேசைமேல் வைத்தாள். மணிக்கட்டு சற்றுக் கோணலாக ஒட்டியிருந்தது. நான்கூட அப்போதுதான் பார்த்தேன். "இனிமே இப்படித்தான் வரும் மேடம்" என்றாள். குளியலறையில் வழுக்கி விழுந்த செய்தியை நான் விளக்கினேன். அந்தப் பெண் நான் சொல்வதைக் கேட்காமல் கயலின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கயல் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப இதையே புதுக் கையெழுத்தா ஏத்திக்கலாம்" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

"பாஸ்போர்ட் நம்பரும் மாறியிருக்கே. பழசு?"

"தொலஞ்சுபோச்சு. எம்பஸில சொல்லிப் புதுசு வாங்கினேன்."

இந்த இடத்தில்தான் நான் குறுக்கிட்டேன். தவறு என்று நீங்கள் சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன். அரசு ஆவணத்தில் பொய்யான தகவல் எழுதப்படுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியாது. "தொலையவில்லை. இவள் கணவரின் அலுவலகப் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கிறது. அவரே என்னிடம் சொன்னார்" என்றேன். என் குரல் சற்றுப் பெரியது. சூசைராஜ்கூட வாயிலிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

பரக்கத் நிஷா பேனாவைக் கீழே வைத்தார். கயல் அசையவில்லை.

"அம்மா," என்றார் அந்தப் பெண், "அவங்க பொருள் அவங்க கைக்குக் கெடைக்கலன்னா, அவங்களுக்கு அது தொலஞ்சதுதானே?" பிறகு பேனாவை எடுத்தார். "அடுத்த கட்டம் ஃபாரின் அட்ரஸ். நீங்க கொஞ்ச நேரம் வெளிய உக்காருங்களேம்மா. காத்தோட்டமா இருக்கும்."

கேட்டீர்களா? இதுதான் தம்பி என் வருத்தம், வேறு எதுவுமில்லை. வெளியே உட்காரச் சொன்னார்கள். வெளிநாட்டு முகவரி என்ற கட்டம் வந்தபோது என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். ஊர் பெயர் இல்லாமல், 'பெரிய அரசமரத்துக்குக் கிழக்கே, அய்யாக்கண்ணு சம்சாரம்' என்று மட்டும் எழுதிய கடிதத்தை உரியவரிடம் சேர்த்தவள் நான். என் சொந்த மகளின் முகவரியை எழுதும்போது நான் அறையில் இருக்கக்கூடாதாம். எந்த நாடு என்றுகூட எனக்குத் தெரியாது. கயல் ஒரு வேலைக் கடிதத்தை உறையிலிருந்து பாதி எடுத்தாள். நான் எழுந்து நகரும்வரை மீதியை எடுக்கவில்லை. நீல முத்திரை. அதுதான் தெரிந்தது.

வெளியே வந்தால் வைத்தியலிங்கம். பல்லெல்லாம் சிரிப்பு.

"என்ன போஸ்ட் மாஸ்டரம்மா, உங்களையே முத்திரை குத்தித் திருப்பி அனுப்பிட்டாங்களா?"

"யூரியா விலையைக் கவனியுங்கள், வைத்தியலிங்கம். என்னைக் கவனிக்கவேண்டாம்."

"அட, கோவிச்சுக்காதீங்க. இந்த ஏசிக்கு உள்ள என்ன, வெளிய என்ன. உக்காருங்க. பொண்ணு மஸ்கட்லேர்ந்து வந்திருக்கா? மாப்புள நேத்து எனக்கே போன் போட்டார்ல? 'அத்தை வீட்டுப் பக்கம் கயல் வந்தா சொல்லுங்கண்ணே'ன்னார். நான் அவர நேர்ல பாத்ததுகூட இல்ல, நம்பர் எப்படிப் புடிச்சாரோ. நான் 'வந்தா பாக்கலாம்'னு வச்சுட்டேன்."

மாப்பிள்ளையின் அக்கறையைக் கவனித்தீர்களா? ஊரில் ஒவ்வொருவராக விசாரித்திருக்கிறார். நான் வைத்தியலிங்கத்திடம், "வந்திருக்கிறாள் என்று நீங்களே அவருக்குச் சொல்லிவிடுங்கள்" என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே கயலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "நான் ஏன்மா சொல்லணும்? எனக்கு யூரியா வெலயப் பாக்கவே நேரம் பத்தல" என்றார்.

அப்போதுதான் இந்தப் போன் ஒலித்தது. பழைய எண்ணை நீக்கிவிட்டுப் புதிய வெளிநாட்டு எண்ணைப் பதிவதற்குக் கடைசி முறையாகப் பழைய எண்ணுக்கு ஓடிபி வரும். அதற்காகத்தான் போனை எடுத்துவரச் சொல்லியிருக்கிறாள். எனக்காக அல்ல.

கயல் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். என் முன்னால் நின்றாள்.

"நம்பர் வந்திருக்கும்மா."

"வந்திருக்கிறது."

"குடுங்க."

"எந்த நாட்டுக்குப் போகிறாய்? அதை மட்டும் சொல். நான் எண்ணைச் சொல்கிறேன்."

அவள் கெஞ்சவில்லை. ஐப்பசியில் கேட்ட அதே மூச்சு. நான் போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தேன். ஒரு நிமிடம் போயிருக்கும், இரண்டு நிமிடம் போயிருக்கும். மேசையிலிருந்து பரக்கத் நிஷா எழுந்து நிற்பது தெரிந்தது. என் கை தளர்ந்து போன் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். பக்கத்து நாற்காலியிலிருந்து, ஏலம் விடுகிற குரலில், "நாலு ஏழு! பூஜ்யம் ரெண்டு! எட்டு எட்டு!" என்றார் வைத்தியலிங்கம். "ஓடும்மா, போய்ச் சொல்லு. நாலு ஏழு, பூஜ்யம் ரெண்டு, எட்டு எட்டு."

கயல் ஓடினாள்.

பிறருக்கு வந்த செய்தியை எட்டிப் பார்த்துப் படித்த அந்த மனிதரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். படித்தவர் இல்லை, என்ன செய்வது. இன்னொருவருடைய செய்தியைத் தொடுவது என்பது எவ்வளவு பெரிய பொறுப்பு என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்?

வேலை முடிந்து அவள் வெளியே வந்தாள். "மாத்திரைய நேரத்துக்குப் போட்டுக்குங்கம்மா" என்றாள். "சாப்பிட்டுவிட்டுப் போ" என்றேன். "ஃபிளைட்டுக்கு நேரமாச்சு" என்றாள். டாக்சி திரும்பிய பிறகுதான் கவனித்தேன். மின்கட்டண இரசீதை என் மடியிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள். நகல் எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

மூன்று வாரம் ஆகிறது. இந்தப் போனுக்கு இப்போது அவளுடைய செய்தி எதுவும் வருவதில்லை. ரீசார்ஜ் செய்யச் சொல்லி நிறுவனம் அனுப்புவது மட்டும் வருகிறது. படிக்கிறேன். தினமும் காலையில் சார்ஜ் போடுகிறேன். பழக்கம்.

மாப்பிள்ளை முன்பு வாரத்துக்கு ஒரு முறை அழைத்தார். இப்போது தினமும் அழைக்கிறார். "அட்ரஸ் ஏதாவது தெரிஞ்சுதா அத்தை? நம்பராவது?" என்று கேட்கிறார். நேற்றுக்கூட அழுதார். வருகிற வெள்ளிக்கிழமை நேரிலேயே வருகிறார். ஒரு ஆண் பிள்ளை அப்படி அழுவதைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்குப் பிடிக்கவில்லை. எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல முடியும்?

இப்போது நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

ஒரே ஒரு செய்தி சொல்லிவிட்டுக் கையெழுத்திட்டுத் தருகிறேன். திருத்துறைப்பூண்டியில் நான் இருந்தபோது, செல்லப்பாப்பா என்ற பெண்ணுக்குப் பதிவுத் தபால் ஒன்று வந்தது. பெண் வீட்டிலிருந்து வந்தது. அவள் கணவன் அஞ்சலகத்துக்கே வந்துவிட்டான். "எங்கிட்டக் குடுங்க, நான் அவகிட்டச் சேர்த்துடுறேன்" என்றான். வெள்ளைச் சட்டை, நல்ல பேச்சு. உரியவர் கையில்தான் கொடுக்க முடியும் என்றேன். கத்தினான். மேலிடத்துக்கு எழுதுவேன் என்றான். "எழுதுங்கள், அஞ்சல்தலை இங்கேயே கிடைக்கும்" என்றேன். கொட்டுகிற மழையில் தபால்காரர் இருளப்பனை நாலு மைல் சைக்கிளில் அனுப்பி, அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுத்துக் கையொப்பம் வாங்கிவரச் சொன்னேன். மறுநாள் அந்தப் பெண் ஊரில் இல்லை. எங்கே போனாள் என்று அவன் என்னிடம் வந்து கேட்டான். எனக்குத் தெரிந்திருந்தது, பதிவேட்டில் அனுப்புநர் முகவரி இருந்தது. சொல்லவில்லை. என் பணிக்காலத்தில் நான் பெருமைப்படும் நாள் அது.

அப்படிப்பட்டவளிடம்தான் நீங்கள் கையெழுத்து வாங்க வந்திருக்கிறீர்கள். ஆகவே தயங்காமல் அந்தப் படிவத்தை இப்படி வையுங்கள். இரண்டாம் பக்கம். அங்கேதான் இருக்கும், பெயருக்குக் கீழே வெளிநாட்டு முகவரி, அதற்குக் கீழே தொலைபேசி எண். நீங்கள் கோப்பைத் திறந்தபோது நீல மையில் நாலு வரி பார்த்தேன். நான் எழுதிக்கொள்கிறேன், ஒரு நிமிடம். இதோ பேனா, இதோ காகிதம். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வரும்போது கையில் கொடுத்துவிட்டால் என் கடமை முடிந்தது. கணவன் மனைவிக்குள் நான் ஏன் நிற்கவேண்டும்?

என்ன தம்பி, எழுந்துவிட்டீர்கள்?

காபி அப்படியே இருக்கிறது. ஆடை படிந்துவிட்டது. வேறு போடச் சொல்லட்டுமா?

கையெழுத்து வேண்டாமா? இந்த வீடு அவளுடைய வீடுதான். நான் அவள் தாய்தான். அதை நான் மறுக்கவில்லையே. அதற்குத்தானே வந்தீர்கள்? படிவக் கோப்பை ஏன் சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் போடுகிறீர்கள்? வெளியே மழைகூட இல்லை.

உங்களைத்தான் கேட்கிறேன். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாமே, தம்பி. தம்பி.